கம்பியக்காவின் இடது பக்கம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கம்பியக்கா என்று கேட்டால் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் தெரியும். அவருடைய உண்மைப் பெயரைக் கேட்டால் பணியாளர் பிரிவில் இருப்பவர்கூட ஒரு நிமிடம் விட்டத்தைப் பார்ப்பார். பத்தொன்பது வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். நிதானமாக எழுதச் சொல்கிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் அங்கே எழுத்தர். கடிதம் அடிப்பேன், கோப்பு தேடுவேன், ஸ்கேன் செய்வேன், வெளிநாட்டுக்காரர்களோடு திரையில் கூட்டம் நடக்கும்போது மொழி தெரியாதவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வேன். மற்ற நேரத்தில் அக்காவின் மேசையில் உட்கார்ந்து டீ குடிப்பேன்.

அந்த ஆய்வுக்கூடத்தில் பெரிய விஷயம் ‘லூப்’தான். இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் ஓர் உருக்குக் குழாய். கீழிருந்து பம்பு தண்ணீரைத் தள்ளும். சுற்றிலும் மின்சாரம் சூடேற்றும். தண்ணீர் மேலே போகப் போகக் கொதித்து ஆவியாகும். ஒரு உயரத்துக்கு மேல் குழாயின் உள்சுவரில் ஈரமே இருக்காது. வறண்ட சுவர் சட்டென்று சூடேறிச் சிவக்கும், விட்டால் ஓட்டை விழும். அந்த வறட்சி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதற்காகக் குழாய் நெடுகிலும் இருபத்து நான்கு தெர்மோகப்பிள் ஒட்டியிருக்கும். மெல்லிய இரண்டு கம்பிகள், நுனியில் சேர்த்து வைத்த ஒரு பொட்டு. அந்தப் பொட்டு தொடும் இடத்தின் சூட்டை அது சொல்லும்.

இருபத்து நான்கையும் ஒட்டியவர் அக்கா. அறுந்தால் ஏணி வைத்து ஏறி மறுபடி ஒட்டுகிறவரும் அவர்தான். ஐம்பத்து நான்கு வயதில், முழங்கால் வலியோடு.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அக்கா குளிர்பெட்டி ரிப்பேர் கடையில் இருந்தார். அந்தக் கடையில் ஒரு பழக்கம். பதிவேட்டைத் திறந்தால் வலது பக்கம் மீட்டர் காட்டிய எண். இடது பக்கம் பெட்டிக்குச் சொந்தக்காரர் சொன்ன புகார், அவர் சொன்ன அதே வார்த்தையில். ‘கதவைச் சாத்தினா மட்டும் கத்துது’ என்று இடது பக்கத்தில் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு பெட்டியைக் கழற்றினால் பாதி நாள் வேறு எதையோதான் கழற்றிக்கொண்டிருப்போம் என்பார் அக்கா. ஆய்வுக்கூடத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வலது பக்கம் அளவுகள். இடது பக்கம், என்ன நடந்தது என்று நம் மொழியில் குண்டு குண்டான எழுத்தில் குறிப்பு. பம்பு இருமியது, பன்னிரண்டாம் கம்பி ஈரம் பட்டது, இன்றைக்கு மின்சாரம் ஆடியது, எல்லாம் அங்கே இருக்கும்.

வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அக்காவின் வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறார், விடிவதற்குள் போய் மதியம் வந்துவிடுவார். மகள் வேறு ஊரில் நர்ஸ். காது மந்தமான மாமனார் ரேடியோவை ஊருக்கே கேட்கும்படி வைத்துக்கொண்டு, ‘இந்த வீட்டுல யாரும் பேசவே மாட்டேங்கறீங்க’ என்று குறைப்படுவார். இதுதான் அக்காவின் ராஜ்ஜியம்.

இனி அந்த மென்பொருள் கதைக்கு வருகிறேன். குழாயில் தண்ணீர் எங்கே கொதிக்கும், சுவர் எங்கே வறளும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் அது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம். ஏழு பல்கலைக்கழகங்களும் மூன்று கம்பெனிகளும் கூட்டுச் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒருவருக்குப் பொழுது விடியும்போது இன்னொருவருக்குச் சாயங்காலம். நல்ல யோசனைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கணக்கு சரியா என்று ஒத்துப் பார்க்க நிஜக் குழாயின் அளவுகள் வேண்டுமே? அதற்குத்தான் எங்கள் லூப். கூட்டங்களில் ‘திறந்த அறிவு’, ‘எல்லோருக்கும் சமமான மேசை’ என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஏணியில் நிற்பவருக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் லூப்பின் குழாயை மாற்றினார்கள். பதினான்காம் கம்பி ஒட்ட வேண்டிய இடத்தில் சரியாக ஒரு வெல்டிங் தழும்பு வந்து உட்கார்ந்திருந்தது. தழும்பின் மேல் ஒட்டினால் அளவு பொய் சொல்லும். அக்கா நான்கு விரல் கீழே இறக்கி ஒட்டினார். அன்றைக்கே இடது பக்கத்தில் எழுதினார்: ‘14 வரைபடத்தில் உள்ள இடத்தில் இல்லை. வெல்டிங் காரணமாக நான்கு விரல் கீழே. வரைபடத்தைத் திருத்த வேண்டும்.’ லூப்புக்குப் பொறுப்பான பேராசிரியரிடம் வாயாலும் சொன்னார். அவர் சரி சரி என்று தலையாட்டினார். எங்கள் பேராசிரியரின் தலை நன்றாக ஆடும். கைதான் எழுதாது.

அடுத்த வருடம் பதிவேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து கூட்டாளிகளுக்கு அனுப்பும் வேலை வந்தது. செய்தவன் நான். ‘நம்பர் இருக்கற பக்கம் மட்டும் போதும். இடது பக்கம் அவங்களுக்குப் புரியாது’ என்றார் பேராசிரியர். நானும் வலது பக்கங்களை மட்டும் எடுத்தேன். ஐந்து பதிவேடு முழுக்க, ஆறாவதில் அன்றைய தேதி வரை. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு நடந்தது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

அளவுகள் போய்ச் சேர்ந்தன. மென்பொருள் ஒரு கணக்குச் சொன்னது: பதினான்காம் கம்பியின் உயரத்தில் சுவர் வறண்டிருக்க வேண்டும். எங்கள் அளவோ அங்கே குளுகுளுவென்று இருந்தது. இருக்காதா பின்னே? கம்பி நான்கு விரல் கீழே, ஈரத்தில் அல்லவா இருக்கிறது! மென்பொருள் சொன்னதுதான் சரி. ஆனால் அவர்கள் கையில் இருந்தது வரைபடமும் எண்ணும் மட்டுமே. மென்பொருள் தேவையில்லாமல் பயப்படுகிறது என்று முடிவு கட்டி, பயத்தைக் குறைக்க ஒரு திருத்த எண்ணை உள்ளே போட்டார்கள். போட்டவர் வேறொரு நாட்டில் இருக்கும் ஓர் அம்மா, அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர். எனக்கு அவரைத் திரையில் பார்த்த பழக்கம்தான், அதனால் திரையம்மா என்றே சொல்கிறேன். சரியாகச் சொன்னதைத் திருத்தித் தப்பாக்கினார்கள். அதைப் பற்றி ஒரு கட்டுரை, அதற்கு ஒரு பரிசு, கூட்டத்தில் கைதட்டல். நானும் கைதட்டினேன்.

இந்த வருடம் கூட்டாளிக் கம்பெனி ஒன்று அந்த மென்பொருளை நம்பித் தன்னுடைய புதிய கொதிகலனில் சூட்டைக் கூட்டியது. ஒரு குழாய் வெடித்தது. மென்பொருள் பத்திரம் என்று சொன்ன அதே உயரத்தில். அந்தக் குழாய்க்கு முன்னால் நின்றிருந்த ஆபரேட்டர் ஐந்து நிமிடம் முன்புதான் கையெழுத்துப் போட வெளியே போயிருந்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று பிறகு தெரிந்தது.

உடனே எல்லோருக்கும் சுறுசுறுப்பு வந்தது. எங்கள் லூப்பின் உறையைப் பிரித்து அளந்தார்கள். பதினான்கு கீழே இருந்தது. மூன்றே நாளில் அறிக்கை: ‘கருவிப் பணியாளரின் கவனக்குறைவு. இடமாற்றத்தை அவர் எவருக்கும் தெரிவிக்கவில்லை.’ ஏழு பல்கலைக்கழகம், மூன்று கம்பெனி, இத்தனை முனைவர் பட்டம், கடைசியில் கை எங்கே நீண்டது பாருங்கள். ஏணியில் நின்றவரைப் பார்த்து நீண்டது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அக்காவுக்கு ஓலை கொடுத்தார்கள். குற்றம் உறுதியானால் பணிநீக்கம்.

அக்கா நேரே பேராசிரியர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“சார், ஆறாம் ரிஜிஸ்டர் இடது பக்கத்துல எழுதியிருக்கேன். உங்ககிட்ட வாயாலயும் சொன்னேன்.”

“அம்மா, சர்வர்ல இருக்கறதுதான் ரெக்கார்டு. நீங்க உங்க நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டதெல்லாம் கணக்குல வராது.”

“என் நோட்டா? அது உங்க ஆபீஸ் முத்திரை குத்தின ரிஜிஸ்டர் சார்.”

“விசாரணையில சொல்லுங்க. அதுவரைக்கும் வெளியில யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசக் கூடாது. புரியுதா?”

அக்காவுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. மறுநாள் மதியம் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கையில் மாவு காய்ந்தபடியே கதவைத் திறந்தார்.

“அந்தச் சாஃப்ட்வேர்ல யார் வேணா எழுதலாம்னு சொல்வியே, நிஜமா?” என்றார் அக்கா.

“நிஜம்தான்க்கா. தப்பு தெரிஞ்சா சொல்றதுக்கு ஒரு பக்கம் இருக்கு.”

“யார் வேணான்னா, நானும்தானே?”

“ஆனா சார் வெளியில பேசக் கூடாதுன்னு...”

“பேசல. எழுதத்தானே போறேன். நீ அடி, நான் சொல்றேன்.”

மாமா சிரித்துவிட்டார். “இவ சொன்னா அடிச்சிடுப்பா. இல்லைன்னா எனக்குத்தான் விழும்.”

நான் ஆங்கிலத்தில் அடித்தேன். ‘இந்த அளவுகளை எடுத்த கருவிப் பணியாளர் நான். பதினான்காம் கம்பி வரைபடத்தைவிட நான்கு விரல் கீழே இருக்கிறது. ஒட்டிய அன்றே எழுதியிருக்கிறேன். நீங்கள் போட்ட திருத்த எண்ணை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை இன்னொரு குழாய் வெடிக்கும்.’ கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் மென்மையாக்கட்டுமா என்று கேட்டேன். வெங்காயக் கத்தியோடு திரும்பிப் பார்த்தார். நான் அப்படியே அனுப்பிவிட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் திரையம்மாவிடமிருந்து பதில் வந்தது. திருத்த எண்ணை அன்றைக்கே நிறுத்தி வைப்பதாகவும், பதிவேட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும், விசாரணையில் தானும் இருக்கப் போவதாகவும் எழுதியிருந்தார். கூட்டு முழுக்கப் பார்க்கும் இடத்தில் அது இருந்ததால் பேராசிரியரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் நின்றுவிட்டேன். ஆறாம் பதிவேட்டின் இடது பக்கங்களில் வேறொன்றும் இருந்தது. ஸ்கேன் செய்த அன்று அக்கா எதையோ எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை.

விசாரணை கூட்ட அறையில் நடந்தது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் பெரிய திரை. இயக்குநர், பேராசிரியர், கம்பெனி அதிகாரி ஒருவர். திரையில் திரையம்மா, அவர் ஊரில் காலை, கையில் காபி. அக்கா பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்த்துச் சொல்ல நான் பக்கத்தில்.

அக்கா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி விரல் வைத்துப் படித்தார். நான் மொழிபெயர்த்தேன். பன்னிரண்டாம் பக்கம்: கம்பி கீழே ஒட்டப்பட்டது. இருபதாம் பக்கம்: வரைபடம் இன்னும் திருத்தப்படவில்லை. முப்பத்து மூன்று: நினைவூட்டினேன். நாற்பத்து ஏழு: மறுபடி நினைவூட்டினேன். ஐம்பத்து எட்டு: இனி நினைவூட்ட வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் 14 கீழேதான். கம்பெனி அதிகாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “எழுதியிருக்காங்க, மறுக்கல. ஆனா இடது பக்கத்துல இப்படிக் குறிப்பு எழுதற பழக்கம் இருக்குன்னே எங்க யாருக்கும் தெரியாது. அளவுகளை அனுப்பறப்பவாவது சொல்லியிருக்க வேணாமா? சொல்லல. அதுதான் தப்பு.”

என்ன துணிச்சல்! பக்கத்தில் நின்று ‘இடது பக்கம் வேண்டாம்’ என்று சொன்ன அதே வாய்.

“அனுப்பினப்போ சொன்னீங்களா?” என்று திரையம்மா கேட்டார். நான் அக்காவுக்குச் சொன்னேன்.

“சொன்னேன்,” என்றார் அக்கா.

“அதுக்கு ஏதாவது பதிவு இருக்கா?” என்றார் இயக்குநர்.

அக்கா பக்கத்தைத் திருப்பினார். அறுபத்து ஒன்று. விரலை வைத்தார். படிக்கவில்லை. பதிவேட்டை என் பக்கம் மெல்ல நகர்த்திவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டார்.

நான் கீழே பார்த்தேன். குண்டு குண்டான எழுத்து. ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அந்த அறையில் பேராசிரியரையும் இயக்குநரையும் விட்டால் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான், அவர்கள் இருவரும் எட்ட இருந்தார்கள். எனக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. இத்தனை நாள் பேராசிரியரைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், கைதட்டியவர்களை எல்லாம் திட்டினேன். டீக்கடையில் மேசையைக் குத்திக் குத்திப் பேசினேன். இப்போது இங்கே வாயைத் திறக்க வேண்டும்.

திறந்தேன். முதலில் நம் மொழியில், பிறகு அவர்கள் மொழியில் படித்தேன்.

‘இன்று பேராசிரியர் சொன்னபடி எழுத்தர் வலது பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்தார். 14 பற்றிய குறிப்பு இடது பக்கத்தில் இருக்கிறது, அதையும் அனுப்புங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். பேராசிரியர், பிறகு பார்க்கலாம் என்றார். எழுத்தர், யாரு அக்கா இதெல்லாம் படிக்கப் போறாங்க என்றார்.’

“அந்த எழுத்தர் நான்தான்,” என்றேன். “அப்படிச் சொன்னது நிஜம். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.”

திரையம்மா காபியைக் கீழே வைத்தார். பேராசிரியர் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படிக்கத் தொடங்கினார்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. அக்கா மீது குற்றமில்லை, மறுநாளே வேலைக்கு வரலாம். எனக்கு ஒரு மெமோ, இனி கவனமாக இருக்கும்படி. பேராசிரியருக்கு ஒன்றுமில்லை. ‘தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட இடைவெளி’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். இடைவெளிக்கு ஆள் கிடையாது, வெறும் காற்று. அடுத்த மாநாட்டில் ‘கையெழுத்துக் குறிப்புகளின் முக்கியத்துவம்’ என்ற தலைப்பில் பேசப் போகிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான். அந்த உரையை நான்தான் தட்டச்சு செய்தேன், ஒவ்வொரு வரிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு.

அக்கா வேலைக்கு வந்த அன்று டீ வாங்கிக்கொண்டு போனேன். அவர் ஏணியில் இருந்தார், பதினான்காம் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டு. இறங்கும்வரை காத்திருந்தேன்.

“அந்த வரியை நீங்களே படிச்சிருக்கலாமேக்கா. உங்க வேலை போயிருந்தா?”

“மத்ததெல்லாம் குழாயைப் பத்தின குறிப்பு. அதை நான் படிச்சேன். அது உன்னைப் பத்தினது. நீயே சொல்றியான்னு பாத்தேன்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

“அடுத்த நிமிஷம் நானே படிச்சிருப்பேன். நான் என்ன லூசா?”

டீயை ஊதிக் குடித்தார். பிறகு, இடது பக்கங்கள் எல்லாவற்றையும் மென்பொருளின் பக்கத்தில் ஏற்ற வேண்டும் என்று திரையம்மா கேட்டிருப்பதைச் சொன்னேன். பதினோரு பதிவேடு. நான்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

“அறுபத்து ஒண்ணாம் பக்கத்தையுமாக்கா?”

“இடது பக்கம் எல்லாம்னுதானே கேட்டாங்க?”

ஏற்றினேன். ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழும் அக்காவின் முழுப் பெயர் இருக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார், எழுத்துப் பிழை இல்லாமல். முதல் நாள் கணினி முன்னால் வந்து உட்கார்ந்து, விரலை ஓட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தார். அறுபத்து ஒன்றாம் பக்கமும் இப்போது அங்கே இருக்கிறது. யாரு அக்கா படிக்கப் போறாங்க என்று நான் கேட்டது பத்து நாட்டுக்காரர்கள் பார்க்கும்படி.

நான்காம் நாள் அந்தப் பக்கத்துக்குக் கீழே திரையம்மா ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். ‘நான் படித்தேன்.’

ஓடிப் போய் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரொம்பச் சீக்கிரம் படிச்சிட்டாங்க,” என்றார். “ஆறு வருஷம்தானே.”

ஏணியில் ஏறிவிட்டார்.